சோளப்பாம்பு எட்டு முட்டைகளோடு நின்றுவிட்டது. உள்ளே தங்கியிருப்பவற்றுக்கு என்ன செய்வது?

ஆதிரை (லெஸ்டர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறோம். கார்ன் ஸ்னேக் எனப்படும் சோளப்பாம்பு ஒன்றைக் குஞ்சாக வாங்கி வளர்த்து வருகிறோம். பெயர் செவ்வந்தி, வயது ஐந்து, மார்ச் மாதத் தொடக்கத்தில் நிறுத்தபோது எடை 540 கிராம். தனியாகவே வளர்ந்த பாம்பு; ஆண் பாம்பு எதனுடனும் ஒருபோதும் சேர்ந்ததில்லை.

மார்ச் இறுதியில் செவ்வந்தி இரை எடுப்பதை நிறுத்தியது. உடலின் பின்பாதி மெல்ல மெல்லத் தடித்தது. ஏப்ரல் இறுதியில் சட்டை உரித்தது. முட்டையிடப் போகிறது என்று புரிந்துகொண்டு, ஈரமான ஸ்பேக்னம் பாசி நிரப்பிய, மேல்பக்கம் ஒரே ஒரு துளை மட்டும் உள்ள மூடிய பெட்டியைக் கூண்டுக்குள் வைத்தோம். அதற்குள் தானாகவே போய்ச் சுருண்டுகொண்டது. சனிக்கிழமை காலையில் பார்த்தபோது 8 முட்டைகள் இருந்தன. எல்லாம் மஞ்சள் பாரித்து, சிறுத்து, கருத்தரிக்காதவை என்று பார்த்த உடனே தெரியும்படி இருந்தன.

அத்துடன் முடிந்தது என்று நினைத்திருந்த வேளையில், அன்று மாலை முதல் பாம்பு அமைதியின்றி அலையத் தொடங்கியது. வாலைத் தூக்கி முக்குகிறது, சிறிது நேரம் ஓய்கிறது, மறுபடியும் முக்குகிறது. பொதுப்புழைக்கு (மலமும் முட்டையும் வெளியேறும் ஒரே துளை) ஏறத்தாழ ஒரு சாண் மேலே, அடுத்தடுத்து இரண்டு புடைப்புகள் வெளியிலிருந்தே தெரிகின்றன. இன்று திங்கட்கிழமை இரவு. இன்று முக்குவது குறைந்துவிட்டது. ஆனால் புடைப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தண்ணீர் குடிக்கிறது, நாக்கை நீட்டுகிறது, கையில் எடுத்தால் உடலில் பிடிப்பு இருக்கிறது. இரத்தம் இல்லை, சதை எதுவும் வெளியே தள்ளவில்லை. கூண்டின் சூடான பக்கம் 30 பாகை, குளிர்ந்த பக்கம் 23 பாகை செல்சியஸ். ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு), சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் இணைக்கப்பட்டிருக்கிறது.

அருகிலுள்ள மருத்துவமனையில் நாய், பூனைகளை மட்டுமே பார்ப்பதாகவும், ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கும்படியும் தொலைபேசியில் சொன்னார்கள். பாம்பு வளர்க்கும் ஒரு நண்பரோ, எண்ணெய் தடவி விரலால் மெதுவாகக் கீழ்நோக்கித் தள்ளினால் முட்டை வந்துவிடும் என்கிறார். அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. இன்னும் எத்தனை நாள் காத்திருக்கலாம்? மருத்துவரிடம் கொண்டுசென்றால் முதலில் என்ன செய்வார்கள், நான் எவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் அருள்கூர்ந்து வழிகாட்டுங்கள்.


மருதத்திணை (கால்நடை மருத்துவர், மான்செஸ்டர்) எழுதியது:

சகோதரி ஆதிரை, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: முட்டையை விரலால் தள்ளாதீர்கள், வேறு யாரையும் தள்ள விடாதீர்கள். உங்கள் தயக்கம் மிகச் சரியானது. பாம்பின் முட்டைக்குழாய் மெல்லிய சுவர் கொண்டது. தங்கிப்போன முட்டை அந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது அதற்குக் கீழே வழி குறுகியிருக்கலாம். வெளியிலிருந்து அழுத்தும்போது முட்டை நகர்வதற்கு முன்பே குழாய் கிழிந்துவிடக்கூடும். கிழிந்தால் மஞ்சள் கரு உடற்குழிக்குள் கசிந்து கடும் அழற்சியை உண்டாக்கும். குழாய் கிழியாமல் முட்டையோடு சேர்ந்து வெளியே பிதுங்கி வந்துவிடுவதும் உண்டு. எண்ணெயைத் தோலின்மேல் தடவினால் அது குழாய்க்குள் போய்ச் சேராது. எனவே அதனால் பயன் ஏதுமில்லை.

காத்திருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். சில முட்டைகளை இட்டுவிட்டு நின்றுபோன பாம்புக்கு 48 மணி நேரம் என்பதையே பெரும்பாலான ஊர்வன மருத்துவர்கள் எல்லையாகக் கொள்கிறார்கள். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் நள்ளிரவில் ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் ஒரு வாரம் பொறுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நாளை, தவறினால் நாளை மறுநாள், பாம்பு ஒரு மருத்துவரின் மேசையில் இருக்க வேண்டும். பாம்பு இன்னும் தெம்பாக இருக்கிறதே என்று தோன்றலாம். பாம்புகள் நோயைப் பல நாள் வெளிக்காட்டாமல் தாங்கிக்கொள்ளும் என்பதே இதில் உள்ள ஆபத்து. நாட்கள் செல்லச் செல்ல முட்டையின் உள்ளீடு கெட்டியாகிறது, குழாயின் சுவர் முட்டையைப் பற்றிக்கொள்கிறது, முக்கி முக்கித் தசை ஓய்ந்துபோகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில் நான்கு வழிகள் இருந்தால், பத்தாம் நாளில் பெரும்பாலும் அறுவை என்ற ஒரே வழிதான் மிஞ்சும்.

இன்று முக்குவது குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல அறிகுறியாக இருக்க வேண்டும் என்பதில்லை. புடைப்பு இடம் மாறாமல், முக்கல் மட்டும் நின்றால், தசை களைத்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஆண் இல்லாமல் எப்படி முட்டை என்ற வியப்பு உங்கள் வீட்டில் யாருக்கேனும் இருக்கலாம். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடுவதைப் போன்றதுதான் இதுவும். குளிர்காலம் கழிந்து சூடும் வெளிச்சமும் கூடும்போது, நல்ல கொழுப்புச் சேமிப்பு உள்ள பெண் சோளப்பாம்பின் சினைப்பை தானாகவே கருவணுக்களை (ஓடு மூடுவதற்கு முந்தைய இளம் முட்டைகளை) வளர்க்கத் தொடங்கிவிடும். ஆகவே நீங்கள் வளர்த்த முறையில் பிழை இருப்பதாக இதை வைத்துச் சொல்ல முடியாது.

இனி மருத்துவமனையில் நடக்க வேண்டியவை. முட்டை தங்குவதில் அடிப்படையில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் வழியில் தடை ஏதும் இருக்காது. தசைக்கு வலுவில்லாமையும், உடலில் நீர் குறைவும், குளிர்ச்சியும், முட்டையிட மறைவான இடம் கிடைக்காததும், மிகைக் கொழுப்பும், குழாயில் தொற்றும் காரணங்களாக அமையும். இரண்டாம் வகையில் உண்மையான தடை இருக்கும்: அளவுக்கு மீறிப் பெருத்த முட்டை, உருக்குலைந்த முட்டை, ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைகள், குழாய் முறுக்கிக்கொள்ளுதல், கட்டி, குடலில் இறுகிய மலம் அல்லது யூரிக் அமிலக் கட்டி. பெட்டியும் ஈரமும் சூடும் சரியாக இருந்தன என்று நீங்கள் எழுதியிருப்பதால், இரண்டாம் வகையை விலக்காமல் மருத்துவம் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆகவே முதலில் படம் எடுக்க வேண்டும். பறவை முட்டையைப் போலன்றிப் பாம்பு முட்டையின் ஓட்டில் சுண்ணாம்பு மிகக் குறைவு. தோல் போன்ற ஓடு அது. எக்ஸ்ரேயில் மங்கலாகவே தெரியும், சில சமயம் சரியாகப் பிரித்தறியவே முடியாது. அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் முட்டையின் எண்ணிக்கையும் அளவும், இன்னும் ஓடு மூடாத கருவணுக்கள் மேலே இருக்கின்றனவா என்பதும் தெளிவாகத் தெரியும். இரண்டையும் செய்தால் நல்லது. ஒன்றுதான் இயலும் என்றால் நான் ஸ்கேனைத் தேர்வேன். கூடவே இரத்தப் பரிசோதனை செய்து கால்சியம், யூரிக் அமிலம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். முட்டை உருவாகும் காலத்தில் பெண் பாம்பின் இரத்தக் கால்சியம் இயல்பாகவே உயர்ந்திருக்கும் என்பதால், மற்ற நேரத்து அளவோடு அதை ஒப்பிடக் கூடாது.

தடை இல்லை என்று உறுதியானால், முதலில் உடலுக்கு நீரேற்றிச் சூடேற்றிய பிறகு, தேவைப்பட்டால் கால்சியம் ஊசியும் அதன்பின் குழாயின் தசையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசியும் போடுவார்கள். ஆமைகளில் ஆக்சிடோசின் மிக நன்றாக வேலை செய்யும். பாம்புகளில் அந்த அளவு நம்ப முடியாது. ஊர்வனவற்றின் உடலில் இயற்கையாக முட்டையைத் தள்ளும் சுரப்பு ஆர்ஜினைன் வாசோடோசின் என்ற வேறொன்று. அது மருந்துக் கடைகளில் கிடைப்பதில்லை. மேலும் ஆக்சிடோசின், முட்டையிடல் தொடங்கிய முதல் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் போட்டால்தான் ஓரளவு பலன் தரும். தடை இருக்கும்போது அதைப் போட்டால், மூடிய வழியை நோக்கித் தசை முழு வலுவோடு சுருங்கிக் குழாய் கிழியக்கூடும். எனவே நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்: தடை இல்லை என்பதை எதைக் கொண்டு உறுதி செய்தீர்கள்? படம் எடுக்காமலே ஊசியை எடுப்பவராக இருந்தால் வேறு மருத்துவரைத் தேடுங்கள்.

ஊசிக்கு முட்டை வரவில்லை என்றால், பொதுப்புழை வழியாக முட்டை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அதன் ஓட்டைத் துளைத்து உள்ளீட்டை உறிஞ்சி, சுருங்கிய ஓட்டை வெளியே எடுப்பார்கள். கண்ணுக்கு எட்டாத முட்டையைச் செதில்களுக்கு இடையே வயிற்றின் வழியாக ஊசி செலுத்தி உறிஞ்சுவதும் உண்டு. ஆனால் அதில் உள்ளீடு உடற்குழிக்குள் கசியும் ஆபத்து இருக்கிறது. உள்ளீடு கெட்டியாகிவிட்டால் உறிஞ்சவும் முடியாது. அதுவும் பலிக்காவிட்டால் குழாயைத் திறந்து முட்டையை எடுப்பதுதான் வழி. அதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பாம்பு தெம்பாக இருக்கும்போதே செய்யப்படும் அறுவை பெரும்பாலும் நன்றாகவே முடிகிறது. எல்லா வழியும் முயன்று, பாம்பு துவண்ட பிறகு கடைசியாகச் செய்வதே தோல்வியில் முடிகிறது.

பொதுப்புழையிலிருந்து சிவந்த சதை வெளியே தள்ளினாலோ, இரத்தமோ நாற்றமுள்ள நீரோ வந்தாலோ, பாம்பு வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, உடல் துவண்டு பிடிப்பை இழந்தாலோ, காலைவரை காத்திருக்காமல் இன்றிரவே அவசர மருத்துவமனைக்குப் போங்கள். வெளியே தள்ளிய சதையை உள்ளே திணிக்க முயலாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடி எடுத்துச் செல்லுங்கள்.

இந்த நாட்டில் கால்நடை மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஆர்.சி.வி.எஸ். வகுத்த நடத்தை விதிகளின்படி, மருத்துவமனைகள் தம் திறனுக்கும் சூழலுக்கும் ஏற்ப 24 மணி நேரமும் அவசர முதலுதவிக்கும் வலி தணிப்புக்கும் வழி செய்ய வேண்டும். ஊர்வனவற்றைப் பார்க்காத மருத்துவமனையானாலும், பார்க்கக்கூடிய இடத்துக்குப் பரிந்துரைக்கும்படி நீங்கள் கேட்கலாம். ஆர்.சி.வி.எஸ். இணையதளத்தின் தேடு வசதியில் எந்தெந்த உயிரினங்களைப் பார்க்கிறார்கள் என்பதைக் கொண்டும் மருத்துவமனைகளைத் தேடலாம். தொலைபேசியில் பேசும்போது, மாதத்தில் எத்தனை பாம்புகளைப் பார்க்கிறீர்கள், ஸ்கேன் வசதி உண்டா, தேவைப்பட்டால் அங்கேயே அறுவை செய்வீர்களா என்ற மூன்றையும் கேளுங்கள்.


நெடுவழி (டொராண்டோ) எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னவற்றுக்குமேல் மருத்துவம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நெடுங்காலமாகச் சோளப்பாம்புகளை வளர்ப்பவன் என்ற முறையில், இன்றிரவையும் நாளைய பயணத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன், தங்கையே.

சூடான பக்கத்தின் 30 பாகையைக் கூட்டாதீர்கள். சூட்டை ஏற்றினால் முட்டை வந்துவிடும் என்று எண்ணிப் பலர் 34, 35 வரை கொண்டுபோகிறார்கள். ஏற்கெனவே நீர் குறைந்திருக்கும் பாம்பு அதனால் மேலும் வறண்டுபோகும். அதைவிட, இரவில் குளிர்ந்த பக்கம் 23 பாகைக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். மே மாதமானாலும் உங்கள் ஊரில் வீட்டுச் சூடாக்கியை இரவில் அணைத்துவிடுவார்கள் அல்லவா? இன்று மட்டும் அந்த அறையில் அணைக்காமல் விடுங்கள்.

இட்ட 8 முட்டைகளையும் எடுத்துவிட்டு, பெட்டியிலுள்ள பாசியை மாற்றி, புதிய ஈரப்பாசியோடு பெட்டியை மீண்டும் உள்ளே வையுங்கள். முட்டைகளை எறிந்துவிடாமல் ஒரு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்; இட்ட முட்டையின் அளவைத் தங்கிய முட்டையின் அளவோடு ஒப்பிட அவை உதவும். அகலமான பாத்திரத்தில் பாம்பின் உடல் உயரத்தில் பாதி அளவுக்கு 28 முதல் 30 பாகை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, 20 நிமிடம் அதில் இருக்க விடலாம். தண்ணீர் அதைவிட ஆழமாக இருக்க வேண்டாம், நீங்கள் அருகிலேயே இருங்கள். இதனால் முட்டை வந்துவிடும் என்பதில்லை. பாம்பு நீர் குடிக்கும், குடலில் மலம் தங்கியிருந்தால் அது கழியும். குளியல் முடிந்ததும் துடைத்துக் கூண்டில் விட்டு, காலைவரை கையில் எடுக்காதீர்கள். அடிக்கடி எடுத்துப் புடைப்பைத் தடவிப் பார்ப்பதுதான் வளர்ப்பவர்களுக்கு வரும் பெரிய ஆசை. முட்டையிட முயலும் பாம்புக்கு அந்தத் தொந்தரவே முக்கலை நிறுத்தப் போதுமானது. இரை எதுவும் கொடுக்க வேண்டாம்.

பயணத்துக்குத் தலையணை உறை போன்ற துணிப்பையில் பாம்பை விட்டு, வாயை முடிந்து, தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி, பாம்பின்மேல் படாதபடி பெட்டியின் ஒரு மூலையில் வைத்தால் 26 முதல் 28 பாகை வரை சூடு நிற்கும். பெட்டியில் காற்றுத் துளைகள் இருக்கட்டும். கடைசியாக இரை எடுத்தது, சட்டை உரித்தது, முதல் முட்டை வந்தது, எடை, கூண்டின் சூடு ஆகிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பதற்றத்தில் வாய்வழியாகச் சொல்லும்போது தேதிகள் பிசகும்.


வடகரை (ஸ்டுட்கார்ட்) எழுதியது:

மாற்றுக் கருத்தொன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். என்னிடம் உள்ள பெண் சோளப்பாம்பும் ஒருமுறை இப்படிப் பாதியில் நின்றது. நான் மருத்துவரிடம் போகவில்லை. தொந்தரவு செய்யாமல் இருட்டில் விட்டுவைத்தேன். சில நாள் கழித்து மிச்ச முட்டைகளைத் தானாகவே இட்டுவிட்டு, அடுத்த வாரமே இரையும் எடுத்தது. காட்டில் இருக்கும் பாம்புக்கு எந்த மருத்துவர் ஸ்கேன் எடுக்கிறார்? பயணமும் ஊசியும் மயக்க மருந்தும் பாம்புக்குத் தரும் அழுத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் அல்லவா? தவிர, முட்டை உடலிலேயே கரைந்துவிடும் என்றும் படித்திருக்கிறேன். எனவே இன்னும் சில நாள் காத்திருப்பதில் தவறில்லை என்பது என் எண்ணம்.


மருதத்திணை எழுதியது:

நண்பர் வடகரை அவர்களுக்கு: உங்கள் பாம்பு தானாக இட்டதை நான் மறுக்கவில்லை. தடையில்லாத வகையாக இருந்தால் அப்படி நடக்கும். பலமுறை நடந்தும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், வெளியிலிருந்து பார்க்கும் வளர்ப்பவருக்கு அது எந்த வகை என்று தெரிய வழியில்லை. தடையுள்ள பாம்பும் முதல் சில நாள் உங்கள் பாம்பைப் போலவே அமைதியாகச் சுருண்டு கிடக்கும். காத்திருந்து நல்லபடியாக முடிந்தவர்கள் அதை எழுதுகிறார்கள். காத்திருந்து இழந்தவர்களில் பெரும்பாலோர் எழுதுவதில்லை. மருத்துவமனை மேசையில் நான் பார்ப்பது அந்த இரண்டாவது கூட்டத்தைத்தான்.

முட்டை கரைந்துவிடும் என்பது பாதி உண்மை. சினைப்பையில் இருக்கும், ஓடு மூடாத கருவணுவை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள முடியும். குழாய்க்குள் வந்து ஓடு மூடிவிட்ட முட்டை கரையாது. அது உள்ளேயே கிடந்து இறுகும். சில பாம்புகள் அதைச் சுமந்துகொண்டு இரையும் எடுத்து மாதக்கணக்கில் நலமாக இருப்பதுபோலவே தோன்றும். அடுத்த ஆண்டு புதிய முட்டைகள் இறங்கும்போது, பழைய முட்டை வழியை மறித்து நிற்கும். அல்லது அதைச் சுற்றிக் குழாயில் சீழ் பிடித்திருக்கும். அப்போது செய்யும் அறுவை, இப்போது செய்வதைவிடப் பல மடங்கு கடினமானது.

காட்டுப் பாம்பைப் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் சோளப்பாம்பு தடையின்றி ஊர்ந்து திரிகிறது, மரம் ஏறுகிறது, சூட்டையும் ஈரத்தையும் தேடிப் பல இடங்களை மாற்றித் தேர்கிறது. கூண்டில் வளரும் பாம்புக்கு அந்தத் தசை வலுவும் இல்லை, அத்தனை தேர்வுகளும் இல்லை. காட்டிலும் முட்டை தங்கிப் பாம்புகள் இறக்கத்தான் செய்யும்; நம் கண்ணில் படுவதில்லை.

பயணத்தின் அழுத்தம் உண்மைதான். ஒரு மணி நேரப் பயணமும் ஒரு ஸ்கேனும் தரும் அழுத்தத்தைப் பாம்பு இரண்டு நாளில் மறந்துவிடும். ஸ்கேனில் தடை இல்லை என்று தெரிந்தால், மருத்துவரே இன்னும் ஓரிரு நாள் பொறுக்கச் சொல்லலாம். அப்படிப் பொறுப்பது தெரிந்து பொறுப்பது. அதற்கு நானும் உடன்படுவேன்.


ஆதிரை எழுதியது:

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. செவ்வாய்க்கிழமை மதியமே ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுசென்றோம். நடந்தவற்றை, பின்னால் தேடி வருவோருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஸ்கேனில் இடப்பக்கக் குழாயில் இரண்டு முட்டைகள் தெரிந்தன. கீழே இருந்த முட்டை, நாங்கள் டப்பாவில் எடுத்துச் சென்றவற்றைப்போல் இரு மடங்குக்கு அருகில் பருத்து, ஒரு பக்கம் கோணியிருந்தது. அதற்கு மேலிருந்தது இயல்பான அளவுதான். முன்னது மறித்ததால் பின்னது நின்றிருக்கிறது. கால்சியம் குறையவில்லை, உடலில் நீர் ஓரளவு குறைந்திருந்தது. ஆக்சிடோசின் பற்றி நான் கேட்கும் முன்பே, இந்த அளவுள்ள முட்டைக்கு அதைப் போடமாட்டேன் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பொதுப்புழை வழியாகப் பார்த்ததில் முட்டை எட்டவில்லை. உள்ளீடு ஏற்கெனவே கெட்டியாகத் தொடங்கியிருப்பது ஸ்கேனில் தெரிவதால், வயிற்றின் வழியே உறிஞ்ச முயன்று கசிவை வரவழைப்பதைவிட, பாம்பு நல்ல நிலையில் இருக்கும்போதே அறுவை செய்வது மேல் என்றார். அன்றிரவு முழுவதும் சூட்டில் வைத்து நீரேற்றி, மறுநாள் காலையில் செய்தார்கள்.

பாம்பு நெடுநேரம் மூச்சை அடக்கக்கூடியது என்பதால் மயக்க வாயுவை முகமூடி வழியாக மட்டும் நம்பாமல், முதலில் ஊசி மூலம் மயக்கி, பிறகு மூச்சுக்குழாயில் குழல் செருகி ஐசோஃப்ளூரேன் கொடுத்தார்கள். வயிற்றின் நடுக்கோட்டில் பெரிய சிரை ஓடுவதால் நடுவில் வெட்டாமல், பக்கவாட்டுச் செதில்களின் முதல் இரு வரிசைகளுக்கு இடையே திறந்து, குழாயில் ஒரே வெட்டின் வழியாக இரண்டு முட்டைகளையும் எடுத்தார்கள். பெரிய முட்டை இருந்த இடத்தில் சுவர் சிவந்து இருந்ததே தவிர, சதை உயிரோடு இருந்ததாம். எனவே குழாயை அகற்றாமல் தைத்துவிட்டார்கள். செவ்வந்தி வீட்டுக்கு வந்துவிட்டது. நேற்று நன்றாகத் தண்ணீர் குடித்தது.

இப்போது இரண்டு ஐயங்கள். அடுத்த வசந்தத்தில் மறுபடியும் முட்டை உருவானால் இதே நிலை வரலாம் என்றும், குட்டி எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்துவிடுவது பற்றி யோசிக்கும்படியும் மருத்துவர் சொன்னார். அதை எப்படி முடிவு செய்வது? மேலும், தையல் இருக்கும் காலத்தில் இரையையும் கூண்டையும் எப்படி வைத்துக்கொள்வது?


மருதத்திணை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. உங்கள் மருத்துவர் முறையாகச் செய்திருக்கிறார்.

சினைப்பை அகற்றுவதைப் பற்றி: நாயிலோ பூனையிலோ செய்வதைப்போல எளிதான அறுவை அன்று இது. பாம்பின் சினைப்பைகள் நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தவை. வலப்பக்கச் சினைப்பை இடப்பக்கத்தைவிடத் தலையை நோக்கி முன்னால் இருக்கும். இரண்டையும் எட்ட நீண்ட வெட்டோ, ஒன்றுக்கு மேற்பட்ட வெட்டுகளோ தேவைப்படும். குழாயை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பையை விட்டுவைக்கவும் கூடாது. அப்படி விட்டால் அடுத்த பருவத்தில் வெளிவரும் கருவணுக்கள் குழாயின்றி உடற்குழிக்குள் விழுந்து அழற்சியை உண்டாக்கும். எடுப்பதானால் அந்தப் பக்கத்தின் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

செவ்வந்தியைப் பொறுத்தவரை, தடைக்குக் காரணம் ஒரே ஒரு கோணல் முட்டை. குழாயின் சுவர் பிழைத்துவிட்டது, கட்டியோ முறுக்கோ இல்லை. ஆகவே இது மீண்டும் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. துணை சேராத பெண் பாம்புகள் எல்லாம் ஆண்டுதோறும் முட்டையிடுவதும் இல்லை. நான் என்றால் இப்போதே அகற்றச் சொல்லமாட்டேன். காயம் முழுதும் ஆறட்டும். குளிர்காலத்தின் இறுதியில், பிப்ரவரி வாக்கில், ஒரு ஸ்கேன் எடுங்கள். கருவணுக்கள் சிறியவையாகவே இருந்தால் அந்த ஆண்டு பொறுக்கலாம். வளரத் தொடங்கியிருந்தால், அவை பெருத்து இரத்த ஓட்டம் கூடுவதற்கு முன் அகற்றிவிடலாமா என்று அப்போது முடிவெடுக்கலாம். இன்னொரு முறையும் முட்டை தங்கினால் அகற்றுவதே நல்லது. அப்போது நானும் தயங்கமாட்டேன்.

ஊர்வனவற்றின் தோல் மெதுவாகவே ஆறும். தையலை 6 முதல் 8 வாரம் வரை விட்டுவைப்பதே வழக்கம். இடையில் சட்டை உரித்தால் தையலைச் சுற்றித் தோல் சிக்கிக்கொள்ளும், அதைப் பிய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாட்டிக்) ஊசியை வீட்டில் போடும்படி கொடுத்திருந்தால், உடலின் முன்பாதியில் போடுவதே வழக்கம்; எந்த இடம், என்ன அளவு என்பதை அவர் காட்டித் தந்தபடியே செய்யுங்கள். தையல் விளிம்பு விரிந்தாலோ, நீர் கசிந்தாலோ, வீங்கினாலோ உடனே தெரிவியுங்கள்.


நெடுவழி எழுதியது:

கூண்டிலுள்ள மரத்தூளையும் தென்னை நாரையும் முழுதும் அகற்றி, வெள்ளைக் காகிதத் துண்டுகளை விரியுங்கள். தூள் தையலில் ஒட்டும், காகிதத்தில் இரத்தமோ நீரோ பட்டால் உடனே தெரியும். ஏறும் கிளைகளையும் சொரசொரப்பான கற்களையும் தையல் பிரிக்கும்வரை வெளியே வைத்துவிடுங்கள். ஒளிந்துகொள்ளச் சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று என இரண்டு மறைவிடங்கள் போதும். தண்ணீர்க் கிண்ணம் குடிக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும்; உடலை முழுக்கிக் கிடக்கும் அளவுள்ள கிண்ணம் இப்போது வேண்டாம். வெதுநீர்க் குளியலும் தையல் பிரிக்கும்வரை கூடாது.

முட்டையிட்ட பாம்பு எடையை மிகவும் இழந்திருக்கும், பசியும் இருக்கும். அதற்காக வழக்கமான பெரிய எலியைக் கொடுத்துவிடாதீர்கள். பெரிய இரையால் உடல் விரியும், அது ஆறாத தையலுக்கு நல்லதல்ல. மருத்துவர் இரை தரலாம் என்று சொன்ன பிறகு, மயிர் முளைக்கத் தொடங்கிய சிறிய எலிக்குஞ்சு ஒன்றில் தொடங்கி, 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை என்று கொடுங்கள். கக்காமல் செரித்து, மலமும் ஒழுங்காகக் கழிந்தால் மெல்ல அளவைக் கூட்டலாம். இரை கொடுத்த பின் இரண்டு நாள் கையில் எடுக்க வேண்டாம். வாரம் ஒருமுறை எடையை மட்டும் குறித்து வாருங்கள், அதைக் கொண்டே பிப்ரவரி ஸ்கேனின்போது மருத்துவர் பாம்பின் நிலையை மதிப்பிடுவார்.

எடை பழைய 540 கிராமை எட்டியதும் இரையைப் பழைய இடைவெளிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இளைத்துவிட்டதே என்று இரக்கப்பட்டுக் கொழுக்க வைத்தால், அடுத்த வசந்தத்தில் கருவணுக்கள் வளர அதுவே ஏதுவாகும். முட்டை வராமல் உறுதியாகத் தடுக்கும் இரைமுறை எதுவும் கிடையாது. மிகைக் கொழுப்பைத் தவிர்ப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. ஈரப்பாசிப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். மார்ச்சில் இரையை மறுக்கத் தொடங்கினால், சட்டை உரிக்கும்வரை காத்திராமல் அதை உடனே கூண்டில் வைத்துவிட்டு, மருத்துவரையும் அழைத்துச் சொல்லிவிடுங்கள். சட்டை உரித்ததிலிருந்து முட்டையிட ஏறத்தாழ 7 முதல் 14 நாள்தான் இருக்கும். மருத்துவரின் நேரத்தை அதற்குள் வாங்கி வைத்திருப்பது நல்லது.